உறங்குபவர் அறியாத மூச்சு

உரைநடை உலகம்

நுழையும்முன்

மனித வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உறக்கத்தில் கழிகிறது. அந்நேரத்தில் தம் உடலில் நிகழ்வனவற்றை உறங்குபவர் அறிவதில்லை; உடனிருப்பவர்களே அறிகின்றனர். உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயொன்று பல இல்லங்களில் நகைப்புக்குரிய குறட்டையாகவே கருதப்பட்டு வருகிறது. அந்நோயை இனங்காண்பதில் பல் மருத்துவருக்கு உள்ள பங்கையும், ஐயத்திலிருந்து உறுதிக்குச் செல்லும் அறிவியல் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

தன் நோய்க்குத் தானே சான்றாகாதவர்

தலைவலி வந்தால் வலிப்பவருக்குத் தெரியும். காய்ச்சல் கண்டால் உடல் சுடுவதை உணரலாம். பார்வை மங்கினால் கரும்பலகையில் உள்ளதைப் படிக்க இயலாதபோது அறிந்துகொள்ளலாம். பெரும்பாலான நோய்களுக்கு நோயாளியே முதற்சான்று. அவர் கூறுவதைக் கேட்டே மருத்துவர் தம் ஆய்வைத் தொடங்குகிறார்.

இதற்கு மாறாக, ஒருவர் தம்மை மறந்து உறங்கும் நேரத்தில் தோன்றி, விழித்தெழுந்ததும் மறைந்துவிடும் நோய் ஒன்று உண்டு. அதுவே உறக்க மூச்சுத்தடை. மருத்துவ உலகில் இது ஸ்லீப் ஆப்னியா எனப்படுகிறது. ஆப்னியா என்பது ‘மூச்சின்மை’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து தோன்றியது. இந்நோய் உடையவர் இரவில் பலமுறை மூச்சின்றித் திணறினாலும், காலையில் எழுந்ததும் “நன்றாகத்தான் உறங்கினேன்” என்பார். அவர் பொய் கூறவில்லை. நிகழ்ந்தது அவர் நினைவில் பதியவில்லை.

நம் வீடுகளில் குறட்டை விடுபவரைக் கும்பகர்ணன் என்று கேலி செய்வதுண்டு. பகலில் கண்ணயர்பவரைச் சோம்பேறி என்று பழிப்பதும் உண்டு. குறட்டை விடுபவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர் என்பது உண்மையே. எனினும், கேலிக்கும் பழிக்கும் உள்ளாகும் இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுமாயின், அவற்றைக் குணக்குறை என்று ஒதுக்காமல் நோய்க்குறிகளாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எழுத்து பிறக்கும் வழியும் மூச்சு செல்லும் வழியும்

எழுத்துகளின் பிறப்பை இலக்கணப் பாடத்தில் கற்றிருப்பீர்கள். உள்ளிருந்து எழும் காற்று உடலின் எட்டு இடங்களோடு இயைந்து எழுத்தொலியாகிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. மார்பும் கழுத்தும் தலையும் காற்று நிலைகொள்ளும் இடங்கள். நாக்கு, அண்ணம், பல், உதடு, மூக்கு ஆகியன அக்காற்றை வெவ்வேறு ஒலிகளாக்கும் உறுப்புகள். ஒலியின் பிறப்பை ஆராய்ந்த இலக்கண ஆசிரியர் உற்றுநோக்கிய அதே வழியில்தான் உறக்க மூச்சுத்தடையும் தோன்றுகிறது.

மூக்கின் உட்பகுதிக்கு எலும்பும் குருத்தெலும்பும் அரணாக உள்ளன. குரல்வளைக்குக் கீழுள்ள மூச்சுக்குழலைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்கி நிற்கின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொண்டைப் பகுதிக்கு அத்தகைய உறுதியான அரண் இல்லை. விழுங்குவதற்கும் பேசுவதற்கும் ஏற்ப நெகிழவும் சுருங்கவும் வேண்டியிருப்பதால், அது பெரிதும் தசையால் அமைந்துள்ளது. மெல்லண்ணமும் உள்நாக்கும் மேலிருந்து தொங்க, நாவின் அடிப்பகுதி முன்புறச் சுவராக அமைகிறது.

விழித்திருக்கும்போது இத்தசைகள் விறைப்புடன் இருந்து வழியைத் திறந்து வைக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. மல்லாந்து படுத்திருந்தால் நாவின் அடிப்பகுதி தன் எடையாலேயே பின்னோக்கிச் சரிகிறது. வழி சற்றே குறுகும்போது, அதனூடே விரைந்து செல்லும் காற்று மென்மையான தசைகளை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வின் ஒலியே குறட்டை. வழி முற்றிலும் அடைபட்டால் ஒலியும் நின்றுவிடுகிறது. எனவே, உரத்த குறட்டையைவிட அதன் இடையே திடீரெனத் தோன்றும் அமைதியே கூர்ந்து கவனிக்கத்தக்கது.

இரவெல்லாம் நிகழும் போராட்டம்

மூச்சுக்காற்று குறைந்தது 10 வினாடிகள் தடைபட்டால் அதனை மூச்சுத்தடை என்று மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். காற்று நுழையாவிடினும் மார்பும் வயிறும் மூச்சை இழுக்க முயன்றுகொண்டே இருக்கும். குருதியில் உயிர்வளியின் அளவு குறையும், கரியமிலவாயு மிகும். ஆபத்தை உணர்ந்த மூளை உறங்குபவரைச் சில நொடிகள் விழிக்கச் செய்கிறது. தசைகள் மீண்டும் விறைப்புற, வழி திறக்கிறது. பெருமூச்சுடனோ திணறலுடனோ காற்று உட்புகுகிறது. விழிப்பு மிகக் குறுகியதாதலால் அது நினைவில் நிற்பதில்லை. மீண்டும் உறக்கம்; மீண்டும் தளர்ச்சி; மீண்டும் தடை. கடுமையான நோயுடையவருக்கு இச்சுழற்சி ஒரு மணி நேரத்தில் 30 முறைக்கு மேலும் நிகழக்கூடும்.

இங்குக் கூறப்பட்டது வழி அடைபடுவதால் உண்டாகும் தடை. பெரும்பாலோரிடம் காணப்படுவது இதுவே. வழி திறந்திருந்தும், மூச்சுவிடுமாறு மூளை கட்டளை பிறப்பிக்கத் தவறுவதால் உண்டாகும் தடையும் உண்டு. அது மைய மூச்சுத்தடை எனப்படும். இருவகைக்கும் மருத்துவம் வேறுபடும்.

இந்நோயின் விளைவுகள் இரவோடு முடிவதில்லை. காலைத் தலைவலி, வாய் உலர்தல், கவனக்குறைவு, எரிச்சல், மறதி ஆகியன பகலில் தோன்றுகின்றன. ஒவ்வொரு தடையின்போதும் இதயத் துடிப்பும் குருதி அழுத்தமும் ஏறி இறங்குவதால், உயர் குருதி அழுத்தம், சீரற்ற இதயத்துடிப்பு, பக்கவாதம் ஆகியவற்றுடன் இந்நோய் தொடர்புடையதாக உள்ளது. வண்டி ஓட்டும்போது கண்ணயர்ந்தால் விளையும் கேடு ஓட்டுநரோடு நிற்பதில்லை. 2022 பிப்ரவரியில் இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லஹிரி மறைந்தபோது, அவருக்கு உறக்க மூச்சுத்தடை இருந்ததாக மருத்துவர்கள் தெரிவித்தனர். நாளிதழ்கள் வழியே அந்நோயின் பெயர் பொதுமக்களிடம் பரவியது.

நோய்க்குப் பெயர் கிடைத்த வரலாறு

மனிதர் உறங்கத் தொடங்கிய நாள் முதல் இத்தடையும் இருந்திருக்கலாம். ஆனால், அது நோயென்று அறியப்பட்டது அண்மைக்காலத்தில்தான். 1965இல் பிரான்சு நாட்டின் மார்சேய் நகரில் காஸ்தோ தலைமையிலான குழுவினரும், ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் யுங், கூலோ ஆகியோரும் உறங்குபவரின் மூளை மின்னலைகளையும் மூச்சையும் ஒருசேரப் பதிவு செய்தனர். மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பதையும், அதனை அடுத்து மூளை விழிப்புறுவதையும் அப்பதிவுகள் காட்டின. 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கில்லெமினோ இந்நோயை விரிவாக ஆராய்ந்தார். உடல் பருத்தவரை மட்டுமன்றி மெலிந்தவரையும் சிறுவரையும் இந்நோய் தாக்கும் என்பது அவ்வாய்வுகளால் தெளிவாயிற்று.

அக்காலத்தில் கடுமையான நோயுற்றோருக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலைத் திறப்பதே முதன்மையான மருத்துவமாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பணியாற்றிய மருத்துவர் காலின் சல்லிவன் வேறு வழியைச் சிந்தித்தார். காற்றை மெல்லிய அழுத்தத்துடன் மூக்கின் வழியே தொடர்ந்து செலுத்தினால், அக்காற்றே தொண்டைச் சுவர்களைத் தாங்கி நிற்கும் என்று கருதினார். தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டார் அவருடைய தொடக்கக்காலக் கருவிகளில் பயன்பட்டது. தம் ஆய்வின் முடிவை அவர் 1981இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் பயன்படும் சிபேப் கருவி இவ்வாறு தோன்றியதே.

தெரிந்து தெளிவோம்

ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836–37இல் தொடராக எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் புதினத்தில் ஜோ என்னும் பருத்த சிறுவன் இடம்பெறுகிறான். வேலையின் நடுவிலும் அவன் உறங்கிக் குறட்டை விடுவான். வாசகரைச் சிரிக்க வைத்த அச்சிறுவனை மருத்துவர்கள் மறக்கவில்லை. மிகுந்த உடற்பருமனும் அடக்கவொண்ணா உறக்கமும் கொண்ட நோயாளி ஒருவரைப் பற்றி 1956இல் எழுதிய பர்வெல் குழுவினர், அந்நிலைக்குப் பிக்விக் நோய்த்தொகுதி என்று பெயரிட்டனர். சீட்டாட்டத்தில் வெல்லத்தக்க சீட்டுகள் கையிலிருந்தும் அந்நோயாளி உறங்கிவிட்டாராம்.

வாயைக் காண்பவர் வழியையும் காண்பார்

உறக்கத்தில் நிகழும் நோய்க்கும் பல் மருத்துவருக்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழலாம். நாக்கு, அண்ணம், தாடை, தொண்டையின் நுழைவாயில் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் நெடுநேரம் காணும் வாய்ப்பு அவருக்கு உண்டு. குறட்டைக்காக மருத்துவரிடம் செல்லாதவர்கூடப் பல்வலி வந்தால் பல் மருத்துவரிடம் சென்றே தீருவார்.

இத்தொடர்பு புதிதன்று. பிரான்சு நாட்டின் பல் அறுவை மருத்துவர் பியேர் ரோபான், சில குழந்தைகளின் கீழ்த்தாடை மிகச் சிறியதாக அமைந்து, நாக்கு பின்னோக்கி விழுந்து மூச்சை அடைப்பதை 1923இல் விளக்கி எழுதினார். அந்நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. நாவின் முதன்மைத் தசை கீழ்த்தாடையின் உட்புறத்தில் பொருந்தியுள்ளது. ஆதலால், தாடை பின்னே இருந்தால் நாவும் பின்னே இருக்கும். தாடையை முன்னே கொணர்ந்தால் நாவும் முன்னே வரும். எளிய இவ்வுண்மையே, உறக்க மூச்சுத்தடைக்குப் பல் மருத்துவர் அளிக்கும் கருவிக்கு அடிப்படையாகும்.

பல் மருத்துவர் வாயில் எவற்றைக் காண்கிறார் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாமக்கல்லைச் சேர்ந்த 52 வயது லாரி ஓட்டுநர் ஒருவர், கடைவாய்ப்பல் கூசுகிறது என்று பல் மருத்துவரிடம் செல்வதாகக் கொள்வோம். மருத்துவர் பார்க்கிறார். பற்களின் மேற்பரப்பு தட்டையாகத் தேய்ந்துள்ளது. உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிப்பதன் விளைவாக இது இருக்கலாம். நாவின் இரு ஓரங்களிலும் பற்கள் பதிந்த தடங்கள் உள்ளன. வாயின் இடத்திற்கு நாக்கு பெரிதாக உள்ளது என்பதை அவை குறிக்கலாம். மேல்வாய் குறுகி, கூரைபோல் உயர்ந்துள்ளது. கீழ்த்தாடை சற்றே உள்வாங்கியுள்ளது. வாய் உலர்ந்து, முன்பற்களின் ஈறு சிவந்துள்ளது. இரவில் வாயால் மூச்சுவிடுவதால் இவ்வாறு நேரலாம்.

பின்னர், நிமிர்ந்து அமர்ந்து வாயை அகலத் திறந்து நாவை வெளியே நீட்டுமாறு மருத்துவர் கூறுகிறார். உள்நாக்கு முழுமையாகத் தெரிந்தால் தொண்டையின் நுழைவாயில் அகன்றது. வல்லண்ணம் மட்டுமே தெரிந்தால் அது மிகக் குறுகியது. நான்கு படிகளாகப் பகுக்கப்படும் இம்முறைக்கு மல்லம்பாட்டி வகைப்பாடு என்று பெயர். ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் சேஷகிரி மல்லம்பாட்டி, அறுவைக்கு முன் மூச்சுக்குழலில் குழாய் செலுத்துவது எளிதா, கடினமா என்பதை முன்கூட்டி அறிவதற்கு இதனை வகுத்து, 1985இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஒரு தேவைக்காகத் தோன்றிய அறிவு மற்றொரு தேவைக்கும் கைகொடுப்பது அறிவியலில் இயல்பே.

வினாவில் தொடங்கும் ஆய்வு

மேற்கண்ட குறிகளுள் எதுவும் தனித்து நோயை உறுதி செய்வதில்லை. மன அழுத்தத்தாலும் பல் தேயும். வேறு காரணங்களாலும் வாய் உலரும். ஆகவே, பல் மருத்துவர் அடுத்து வினவத் தொடங்குகிறார்.

“இரவில் உறக்கம் எப்படி?” என்று கேட்கிறார். “படுத்ததும் உறங்கிவிடுவேன், டாக்டர். எவ்வளவு உறங்கினாலும் பகலில் அசதிதான்” என்கிறார் ஓட்டுநர். உடன்வந்த அவருடைய மனைவி குறுக்கிடுகிறார்: “குறட்டைக்குப் பழகிவிட்டேன், டாக்டர். அது நின்றுபோகும்போதுதான் எனக்குப் பயம். கொஞ்ச நேரம் மூச்சே கேட்காது. பிறகு திணறிக்கொண்டு புரண்டு படுப்பார். எத்தனையோ இரவு அவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே விழித்திருக்கிறேன்.”

இதுவரை எவரும் கேளாததால் கூறப்படாதிருந்த சான்று இது. கனடாவின் டொரொண்டோ நகரில் பிரான்சிஸ் சங் தலைமையிலான குழுவினர் 2008இல் வெளியிட்ட ‘ஸ்டாப்-பேங்’ என்னும் எட்டு வினாக்களுள் ஒன்று, மூச்சு நிற்பதை உடனிருப்பவர் கண்டதுண்டா என்பதாகும். குறட்டை, பகல் சோர்வு, உயர் குருதி அழுத்தம், உடற்பருமன், 50ஐக் கடந்த வயது, 40 செ.மீ.க்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, ஆண்பால் ஆகியன ஏனைய ஏழு. ஆம் என்னும் விடைகள் ஐந்தும் அதற்கு மேலும் ஆனால் ஆபத்து மிகுதி எனக் கொள்ளப்படும். நம் ஓட்டுநர் அதிகப் பருமன் அற்றவர். எனினும் மற்ற ஏழு வினாக்களுக்கும் அவருக்கு ஆம் என்பதே விடை.

பகலில் உறக்கம் வரும் அளவைக் கணிக்க, ஆஸ்திரேலிய மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோலும் உள்ளது. படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, நண்பகல் உணவுக்குப்பின் அமைதியாக அமர்ந்திருக்கும்போது என எட்டுச் சூழல்களுக்கு ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தரப்படும். கூட்டுத்தொகை 10ஐக் கடந்தால் பகலுறக்கம் மிகுதி என்பது பொருள்.

ஐயம் வேறு, உறுதி வேறு

இவ்வளவு குறிகள் இருந்தும், “உங்களுக்கு உறக்க மூச்சுத்தடை உள்ளது” என்று பல் மருத்துவர் கூறுவதில்லை, “இந்நோய் இருக்கலாம் என ஐயுறுகிறேன், உறக்கவியல் மருத்துவரைக் காணுங்கள்” என்றே கூறுகிறார். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017இல் ஏற்றுக்கொண்ட கொள்கை அறிக்கையும், இந்நோயின் அறிகுறிகளைப் பல் மருத்துவர் தேடிக் கண்டு உரிய மருத்துவரிடம் அனுப்புமாறு அறிவுறுத்துகிறது. ஐயுறுவது ஒருவர் பணி. உறுதி செய்வது மற்றொருவர் பணி. தம் அறிவின் எல்லையை உணர்ந்து, அவ்வெல்லையில் நின்று அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைப்பதும் மருத்துவ அறமே.

உறுதி செய்வதற்கு உறக்க ஆய்வு தேவை. பாலிசோம்னோகிராபி எனப்படும் முழுமையான ஆய்வில் நோயாளி ஓர் இரவு ஆய்வகத்தில் உறங்குவார். தலையில் ஒட்டப்படும் மின்முனைகள் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும். கண்ணசைவு, மோவாய்த் தசையின் விறைப்பு, இதயத்துடிப்பு, மூக்கின் வழியே செல்லும் காற்று, மார்பு வயிறு ஆகியவற்றின் அசைவு, குருதியில் உள்ள உயிர்வளியின் அளவு, படுக்கும் நிலை ஆகியனவும் ஒருசேரப் பதிவாகும். காற்று நின்றும் மார்பு முயன்றுகொண்டிருந்தால் வழியடைப்பு. காற்றும் முயற்சியும் ஒருங்கே நின்றால் மையத்தடை. எதனால் மூச்சு நின்றது என்பதை வாயைப் பார்த்துக் கூற இயலாது, இப்பதிவே கூறும். தக்கவருக்கு, வீட்டிலேயே அணிந்து உறங்கத்தக்க சிறு கருவியாலும் ஆய்வு செய்யலாம்.

மூச்சு முழுதும் நின்ற தடைகளையும், கணிசமாகக் குறைந்த தடைகளையும் கூட்டி, உறங்கிய மணிகளால் வகுத்தால் கிடைப்பது மூச்சுத்தடைக் குறியீட்டெண். நம் ஓட்டுநர் 7 மணி நேரம் உறங்கியதில் 154 தடைகள் பதிவாயின எனக் கொண்டால், அவருடைய குறியீட்டெண் 22 ஆகும். குருதி அழுத்தம் போல இந்நோயும் இப்போது அளக்கத்தக்க ஓர் எண்ணாகிவிட்டது.

தெரிந்து தெளிவோம்

பெரியவர்களுக்கான மூச்சுத்தடைக் குறியீட்டெண் (ஒரு மணி நேரத்திற்கு)

5க்குக் குறைவு – இயல்பு
5 முதல் 15க்குள் – மிதமானது
15 முதல் 30க்குள் – நடுத்தரமானது
30உம் அதற்கு மேலும் – கடுமையானது

சிறுவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு தடை நிகழ்வதே கவனிக்கத்தக்கதாகும்.

மருத்துவத்தில் இணையும் கைகள்

சிபேப் கருவியே இந்நோய்க்கு முதன்மையான மருத்துவம். முகமூடி வழியே வரும் காற்றழுத்தம் தொண்டையைத் திறந்து வைக்கும். நாள்தோறும் அணிந்தால் மிகுந்த பயன் தரும். ஆயினும் முகமூடியைத் தாங்க இயலாதோரும் உள்ளனர். சிபேப் கருவியை ஏற்க இயலாத, அல்லது மாற்றுவழியை விரும்பும் பெரியவர்களுக்கு வாய்க்கருவியைப் பரிந்துரைக்கலாம் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்பும் பல்வழி உறக்க மருத்துவ அமைப்பும் 2015இல் இணைந்து வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. உறக்கவியல் மருத்துவர் பரிந்துரைக்க, பயிற்சி பெற்ற பல் மருத்துவர் அதனைச் செய்து பொருத்துவார்.

பாதி இரவுகளை லாரியிலேயே கழிக்கும் நம் ஓட்டுநர், மின்சாரம் வேண்டாத வாய்க்கருவியை விரும்புகிறார். பல் மருத்துவர் மேல்வரிசை, கீழ்வரிசைப் பற்களின் அச்சை எடுக்கிறார். அச்சுக்கேற்ப இரண்டு கவசங்கள் செய்யப்படுகின்றன. அவை ஒன்றோடொன்று பிணைந்து, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்துகின்றன. தாடையுடன் நாவும் முன்வர, அதன் பின்னே வழி விரிகிறது. ஒரே நாளில் முழுதும் முன்னகர்த்தினால் தாடை மூட்டு வலிக்கும். ஆதலால் சில வாரங்களில் சிறிது சிறிதாகவே நகர்த்தப்படும். தொடக்கத்தில் உமிழ்நீர் மிகுதியாகச் சுரக்கலாம். நாளடைவில் பற்கள் பொருந்தும் முறை மாறலாம். இவற்றைக் கண்காணிப்பதும் பல் மருத்துவர் கடமையாகும். கருவியைத் தாங்குவதற்குப் போதிய உறுதியான பற்களும் வேண்டும்.

குறட்டை நின்றதாலேயே நோய் நீங்கிற்று என்று கொள்ளலாகாது. ஒலி அடங்கிய பின்னும் தடை தொடரக்கூடும். எனவே, கருவியை அணிந்த நிலையில் மீண்டும் ஓர் உறக்க ஆய்வு நடத்தப்படும். அவ்வாய்வில் ஓட்டுநரின் குறியீட்டெண் 22இலிருந்து 6ஆகக் குறைந்ததெனின், மருத்துவம் பயனளிக்கிறது என்பதற்கு அவ்வெண்ணே சான்று. எடையைக் குறைத்தல், மதுவைத் தவிர்த்தல், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தல் ஆகியனவும் பலருக்குத் துணைசெய்யும். மருத்துவரைக் கேளாமல் உறக்க மாத்திரை உட்கொள்வது தசைகளை மேலும் தளரச் செய்து தீங்கு விளைவிக்கலாம். நோய் கட்டுக்குள் வரும்வரை, உறக்கம் அழுத்தும் வேளையில் வண்டி ஓட்டாதிருப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

சிறுவரும் மாணவரும்

சிறுவர்களிடம் இந்நோய்க்குப் பெருங்காரணம், தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில் சதையும் மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதையும் வீங்குவதாகும். அத்தகைய சிறுவர் வாயைத் திறந்தபடி உறங்குவர், குறட்டை விடுவர், சிலர் படுக்கையை நனைப்பர். பெரியவர்போல் பகலில் உறங்கி விழாமல், அமைதியின்றித் துறுதுறுவென்று திரிவோரும் உண்டு. வகுப்பில் கவனமற்றவர், குறும்பர் என்று பெயர் பெற்ற சிறுவரின் துன்பம் இரவில் தோன்றியதாக இருக்கலாம். பால்பற்களைக் காட்ட வரும் சிறுவரின் வாயில் வீங்கிய டான்சிலைக் காணும் பல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பிவைப்பார். பலருக்கு அச்சதைகளை அகற்றும் அறுவையால் நலம் கிட்டுகிறது.

பகலில் உறங்கும் மாணவர் அனைவருக்கும் இந்நோய் இருப்பதாக எண்ணிவிடக்கூடாது. உங்கள் வயதினர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. கைப்பேசியோடு நள்ளிரவைக் கடப்பவருக்கு வகுப்பில் வரும் உறக்கத்திற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. போதிய நேரம் உறங்கியும் சோர்வு நீங்காதபோதே ஐயம் எழவேண்டும்.

உடனிருப்பவரின் கடமை

இந்நோயை இனங்காணும் வழியில் பலர் நிற்கின்றனர். அருகில் உறங்குபவர் கேட்கிறார். பல் மருத்துவர் பார்க்கிறார். கருவி பதிவு செய்கிறது. உறக்கவியல் மருத்துவர் உறுதி செய்கிறார். இவ்வரிசையில் முதலில் நிற்பவர் வாய் திறவாவிட்டால், ஏனையோர் பணி தொடங்குவதே இல்லை. ஓட்டுநரின் மனைவி விழித்திருந்த இரவுகள் மருத்துவக் குறிப்பாக மாறியது, ஒருவர் கேட்டதாலும் அவர் கூறியதாலுமே.

உங்கள் இல்லத்திலும் தந்தையோ பாட்டியோ தம்பியோ உரத்த குறட்டையின் நடுவே திடீரென அமைதியாகி, பின் திணறி மூச்சுவிடுவதைக் கேட்க நேரலாம். அந்த அமைதி எத்தனை வினாடி நீடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காலையில் அவரிடம் கேலியின்றிக் கூறுங்கள். மருத்துவரைக் காணச் செல்லும்போது உடன் செல்லுங்கள். தம் மூச்சு நின்றதைத் தாமே அறிய இயலாத ஒருவருக்கு, அருகிலிருந்து கேட்டவர் கூறும் அச்சொல் உயிர்காக்கும் உதவியாக அமையலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ளோரின் உறங்கும் நேரம், எழும் நேரம், பகற்சோர்வு ஆகியவற்றை ஒரு வாரம் குறித்துவைத்து, அட்டவணையாக அமைத்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. எழுத்துகளின் பிறப்பிடங்களாக இலக்கணம் கூறும் உறுப்புகளுள், மூச்சுவழியோடு தொடர்புடையவற்றைப் படம் வரைந்து பெயர் குறிக்க.
3. ‘குறட்டை நகைப்புக்குரியதா?’ என்னும் தலைப்பில் ஐந்து நிமிடம் உரையாற்றுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 8 மணி நேர உறக்கத்தில் 96 மூச்சுத்தடைகள் பதிவாயின எனின், அந்நிலை
அ) இயல்பு ஆ) மிதமானது இ) நடுத்தரமானது ஈ) கடுமையானது

2. கீழ்த்தாடையை முன்னகர்த்தினால் நாவும் முன்வருவதற்குக் காரணம்
அ) நாக்கு அண்ணத்தோடு இணைந்திருத்தல்
ஆ) நாவின் தசை கீழ்த்தாடையில் பொருந்தியிருத்தல்
இ) மூச்சுக்குழல் விரிதல்
ஈ) மூக்குவழி அகலுதல்

குறுவினா

1. குறட்டை எவ்வாறு தோன்றுகிறது?
2. மைய மூச்சுத்தடை என்றால் என்ன?

சிறுவினா

1. உறக்க மூச்சுத்தடைக்கு உரிய அறிகுறிகளாகப் பல் மருத்துவர் வாயில் காண்பனவற்றை எழுதுக.
2. குறட்டை நின்ற பின்னும் மீண்டும் உறக்க ஆய்வு நடத்துவது ஏன்?

நெடுவினா

‘ஐயுறுவது ஒருவர் பணி, உறுதி செய்வது மற்றொருவர் பணி’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் வழி நிறுவுக.

கலைச்சொல் அறிவோம்

உறக்க மூச்சுத்தடை – ஸ்லீப் ஆப்னியா
உறக்க ஆய்வு – பாலிசோம்னோகிராபி
உயிர்வளி – ஆக்சிஜன்
மயக்கவியல் மருத்துவர் – அனஸ்தீசியா மருத்துவர்